நாலு வாய்க் கோக்கா தூரம்

இச்சுகாசா, மே 8, 1964

அன்புள்ள நிகானோர்,

உன் கடிதம் வில்கமார்க்கா ஊராட்சி அலுவலக மேசை இழுப்பறையில் மூன்று வாரம் தூங்கிவிட்டு, நேற்றுதான் மெலித்தோன் மாமாவின் கோவேறு கழுதை மேல் மலையேறி வந்தது. உறை பிரிந்திருந்தது. "நான் பிரிக்கல தாயி, அதுவாப் பிரிஞ்சிருந்துச்சு. மாப்பிள்ளை ரெட்டைக் கட்டில் வாங்கியிருக்காராமே?" என்றார் மாமா. அவருக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். குமாஸ்தாவை உட்காரவைத்து முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சதுக்கத்தில் அன்றைக்கு வெயில் காய்ந்துகொண்டிருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். இனிமேல் கட்டில், தலையணை சமாசாரங்களை எழுதாதே.

நான் லீமாவுக்கு வரவில்லை. இதை எத்தனை விதமாக எழுதுவது? போன வருஷம் மார்ச்சில், லாரி கிளம்பும்போது, எல்லோர் எதிரிலும் சொன்னாயே: "நீ என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தத் தகரக் கூரையைக் கட்டிக்கிட்டிருக்கலாம்." அதை நான் மறக்கவில்லை. மன்னித்துவிட்டேன், அது வேறு. என் பள்ளிக்கூடத்தின் அந்தக் கூரைத் தகரங்களை இந்த ஊர் ஆண்கள் முதுகில் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள். அதில் ஒருவன் நீ. உன் முதுகில் இன்னும் தழும்பு இருக்கிறது. இருந்தும் எப்படிச் சொல்ல வாய் வந்தது?

பள்ளியில் இந்த வருஷம் முப்பத்தொரு பிள்ளைகள். கிழங்கு தோண்டும் வாரம் என்பதால் இன்று பதினொரு பேர்தான். மற்றவர்கள் வயலில் இருப்பது ஜன்னலிலிருந்தே தெரிகிறது. நான் பார்ப்பது அவர்களுக்கும் தெரிகிறது. குனிந்துகொள்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். போன ஆகஸ்டில் உங்கள் வரைபட அலுவலகத்து அளவைக்காரர் ஒருவர் வந்தாரே, நீலத் தொப்பிக்காரர், அவர் குறிப்பெல்லாம் உங்களிடம் வந்துவிட்டதா? மனிதர் பாவம், வில்கமார்க்கா சதுக்கத்தைத் தாண்டவே இல்லை. மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல், தேவாலயப் படியில் உட்கார்ந்து எலுமிச்சையை முகர்ந்துகொண்டே மெலித்தோன் மாமாவைக் கேட்டார்: "சதுக்கத்துலேர்ந்து உங்க எல்லைக் கல் எவ்வளவு தூரம்?" மாமா, "நாலு வாய்க் கோக்கா," என்றார். ஒரு வாய் கோக்கா இலையை மென்று துப்பும் வரை எவ்வளவு நடக்கிறோமோ அதுதான் ஒரு வாய் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? அதை அப்படியே எழுதிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நம் ஊர் உன் மேசைக்கு வந்தால் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வரை.

உன் செனோபியா

---

லீமா, மே 30, 1964

என் செனோபியா,

கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத மாட்டேன். குமாஸ்தா அவர்களே, இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கும் என் வணக்கம்.

நம் ஊர் என் மேசைக்கு வந்துவிட்டது. இஞ்சினியர் பர்ராசா வரைபடத் தாள்களைப் பங்கு பிரித்தபோது வில்கமார்க்கா என்ற பெயரைப் பார்த்தேன். கையைத் தூக்கி, "அது எங்க ஊரு, எனக்குக் குடுங்க," என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

விமானத்திலிருந்து எடுத்த படங்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்து, அதற்கென்று இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலைகள் எழுந்து நிற்கும். முதல் நாள் நான் வேலையே செய்யவில்லை. கீழே ஆற்றங்கரையில் சோளப் படிக்கட்டு வயல்கள். அதற்கு மேல் கிழங்கு வயல்கள், தரிசு விட்டதும் உழுததுமாக. அப்புறம் அந்தச் செங்குத்து ஏற்றம், ஒவ்வொரு வளைவாக. ஏறி முடித்ததும் வெறும் புல்வெளி, ஊரண்டை மட்டும் நாலு கிழங்கு வயல், ஈரப் பள்ளங்கள், கல் பட்டிகள். அதன் நடுவில் உளுந்தம்பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. உன் கூரைதான். வேறு எந்த வீட்டுக் கூரையும் அப்படி மின்னாது. படம் எடுத்தது ஜூன் மாதம் காலை பத்து மணி என்று ஓரத்தில் போட்டிருக்கிறது. நீ உள்ளே பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்பாய்.

லீமா இருக்கும் தாளையும் நம் தாளையும் தரையில் ஒட்டிப் பரப்பினால் நடுவில் பதினொரு தாள்கள் வருகின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, பரப்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தேன். ஆறு அடியில் உன்னிடம் வந்துவிட்டேன்.

மாவட்ட எல்லைக்கோட்டையும் நான்தான் போட வேண்டும். எல்லைக் கல் என்பது ஒரு கற்குவியல்தானே, வானத்திலிருந்து தெரியாது. அளவைக்காரர் குறிப்பை வைத்துத்தான் போட வேண்டும். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை விடுமுறையில் ஒரு வாரமாவது வாயேன். இங்கே சாம்பல் நிறத்தில் ஒரு தூறல் நாள் முழுக்க விழுகிறது. நனைக்கவும் நனைக்காது, விடவும் விடாது.

உன் நிகானோர்

---

இச்சுகாசா, ஜூன் 22, 1964

நிகானோர்,

அவசரம். அதனால் நலம் விசாரிக்கவில்லை.

கல்வி மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. புதிய வரைபடத்தின் முன்வரைவுப்படி இச்சுகாசா வில்கமார்க்காவில் இல்லையாம், சங்காபம்பா மாவட்டத்தில் இருக்கிறதாம். சங்காபம்பாவுக்கு ஏற்கெனவே பள்ளி இருப்பதால் இந்தப் பள்ளி டிசம்பரோடு மூடப்படுமாம். பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க வேண்டுமாம். நடுவில் தோரோமாயோ ஆறு ஓடுவது அந்தத் தாளில் இல்லை. பாலம் இல்லாததும் இல்லை. டிசம்பரிலும் ஏப்ரலிலும் அந்த ஆறு கழுதையையே புரட்டும். இது தெரியாத ஒருவர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறார்.

ஊர்க்கூட்டத்தில் தாளைப் படித்தேன். முதலில் மெலித்தோன் மாமா எழுந்தார்.

"நான் நாலு வாய்ன்னுதானே சொன்னேன்? சரியாத்தானே சொன்னேன்? அப்புறம் ஊரு எப்படி அந்தப் பக்கம் போச்சு? எந்திரிச்சு நடந்து போச்சா?"

"நீ வாயில எவ்வளவு இலையப் போட்டியோ, யாரு கண்டா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எங்கப்பன் போட்ட அளவு! அவங்கப்பன் போட்ட அளவு!"

சண்டையாகிவிட்டது. எவுதோசியாதான் நிறுத்தினாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் படிக்கிறார்கள், ஏழு வயதும் ஒன்பது வயதும். "எத்தனை வாய்ங்கறதை அப்புறம் பேசுங்க. என் பிள்ளைங்களை அந்த ஆத்துல இறக்க மாட்டேன். அதுக்கு என்ன பண்ணணும்னு இப்பச் சொல்லுங்க," என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்காரு. அவர் பார்த்துக்குவாரு," என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, நிகானோர். பதினைந்து மாதமாக உன்னை லீமாவுக்குப் போனவன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு முதல் தடவையாக, நல்லவேளை ஒருத்தன் அங்கே இருக்கிறான் என்றார்கள்.

எந்த மடையன் இந்தக் கோட்டைப் போட்டான் என்று கண்டுபிடி. காதைப் பிடித்துத் திருகி மாற்றச் சொல்.

செனோபியா

---

லீமா, ஜூலை 9, 1964

என் செனோபியா,

கடிதம் கிடைத்தது. படித்து வருத்தப்பட்டேன். விசாரிக்கிறேன். ஆனால் இங்கே வேலை நடக்கும் விதம் உனக்குத் தெரியாது. ஒரு கோட்டை மையில் போட்ட பிறகு மாற்றுவது சுலபமில்லை. எல்லாவற்றுக்கும் இஞ்சினியர் கையெழுத்து வேண்டும்.

ஒருவேளை இது நடக்க வேண்டியதுதானோ என்றும் தோன்றுகிறது. எட்டு வருஷம் அந்தக் குளிரில் நின்று சொல்லிக்கொடுத்துவிட்டாய். போன குளிர்காலத்தில் இரண்டு மாதம் இருமினாய் என்று மாமாவே எழுதச் சொல்லியிருந்தார். ஒருவேளை அரசாங்கம் சங்காபம்பாவுக்குப் பாலம் கட்டிக்கொடுக்கலாம். ஒருவேளை இங்கேயே உனக்கு ஒரு பள்ளியில் வேலை கிடைக்கலாம். என் அறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளி இருக்கிறது, செங்கல் கட்டடம், முற்றத்தில் குழாய்த் தண்ணீர்.

இரண்டு தட்டு வாங்கினேன். நீல ஓரம் போட்டது. ஒன்று மட்டும் தினமும் அழுக்காகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நிகானோர்

---

இச்சுகாசா, ஜூலை 27, 1964

நிகானோர்,

உன் கடிதத்தைப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்துவதுபோல் உட்கார்ந்து படித்தேன். ஒரு சின்னக் கடிதத்தில் மூன்று ‘ஒருவேளை’. யார் கோடு போட்டது என்ற என் கேள்விக்குப் பதிலே இல்லை. உனக்குப் பொய் சொல்ல வராது, அதனால் தட்டைப் பற்றி எழுதுகிறாய்.

நான் உன்னை நம்பிச் சும்மா உட்காரவில்லை. நாங்கள் எல்லையை அளந்துவிட்டோம்.

எல்லை நடை என்பது பிப்ரவரியில், கார்னவால் திருவிழாச் சமயத்தில்தான் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அப்போதுதான் இரண்டு மாவட்டத்தாரும் கல்லண்டை வந்து, ஆளுக்கொரு கல்லைக் குவியலில் வைத்து, மூஞ்சியில் மாவைப் பூசிக்கொண்டு ஆடுவோம். காய்ந்த மாதத்தில், மேளமில்லாமல், சாராயமில்லாமல் எல்லைக்குப் போவது திருட்டுத்தனமாம். "மண்ணுத்தாய் என்னடா இது, பொணத்தைத் தூக்கிட்டு வர்றானுங்களான்னு கேப்பா," என்றார். கடைசியில் ஒரு மேளமும் ஒரு புட்டியும் எடுத்துக்கொண்டு போவதென்று சமாதானம் ஆயிற்று.

ஐம்பது மீட்டர்க் கயிறு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பிடித்தார்கள், கணக்குப் பாடம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன். சதுக்கத்திலிருந்து ஏற்றம் முடியும் வரை எண்பத்திரண்டு கயிறு. அங்கே மாமா இரண்டாவது வாய் இலையைத் துப்பினார். அங்கிருந்து சமவெளியில் எல்லைக் கல் வரை நூற்றுமுப்பத்தைந்து கயிறு, அதற்கும் அவருக்கு இரண்டே வாய்தான். மொத்தம் பத்தாயிரத்து எண்ணூற்றைம்பது மீட்டர். பள்ளிக்கூட வாசல் ஒன்பதாயிரத்து இருநூற்றில் இருக்கிறது. எல்லைக்குள்ளேதான் இருக்கிறோம், தாராளமாக.

மாமா சொன்னதும் சரி, அந்த நீலத் தொப்பிக்காரர் எழுதியதும் சரி. ஏறும்போது இலை சீக்கிரம் சாறு விட்டுப்போகும், மூச்சு வாங்குவதால் தூரம் நகராது. சமவெளியில் அதே ஒரு வாய்க்கு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடலாம். இதை இங்கே கைக்குழந்தையும் அறியும். லீமாவில் யாரோ நாலு வாயையும் ஏற்றக் கணக்கிலேயே பெருக்கி, எட்டு கிலோமீட்டர் என்று போட்டிருக்க வேண்டும்.

சங்காபம்பாக்காரர்களும் கல்லண்டை வந்திருந்தார்கள். அவர்கள் தலைவர் கோலை ஊன்றிக்கொண்டு, "எங்க பிள்ளைங்களுக்கே பலகை இல்ல, உங்க முப்பது பேரை எங்க மடியிலயா உக்கார வைக்கிறது? இந்தக் கல்லு எங்க கொள்ளுத்தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கு," என்று தாளில் கைநாட்டு வைத்தார். மேய்ச்சல் நிலத்துக்காக நம் ஆட்களோடு மண்டையை உடைத்துக்கொண்டவர்தான் அவர். அன்றைக்கு மாமாவும் அவரும் ஒரே புட்டியில் குடித்தார்கள். மாமாவை அப்புறம் கழுதையில் கட்டிக் கொண்டுவந்தோம்.

அந்தத் தாள் இத்துடன் இருக்கிறது. இரண்டு ஊர்க் கைநாட்டும் இருக்கிறது. இப்போது நீ பதில் சொல். கோடு போட்டது யார்?

செனோபியா

---

லீமா, ஆகஸ்ட் 14, 1964

செனோபியா,

இந்தக் கடிதத்தை ஊராட்சி அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. லாரிக்காரர் ஃபவுஸ்தினோவிடம் கொடுத்து, உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று அவர் அம்மா மேல் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நான்தான் போட்டேன்.

தெரியாமல் போட்டேன் என்று எழுத நினைத்து மூன்று தாளைக் கிழித்தாயிற்று. தெரிந்துதான் போட்டேன். குறிப்பேட்டில் நாலு வாய் என்று இருந்தது. இஞ்சினியர் எல்லோருக்கும் ஒரு விதி கொடுத்திருக்கிறார், ஒரு வாய்க்கு இரண்டு கிலோமீட்டர். அளவுகோலை எட்டில் வைத்தேன். அது உன் வெள்ளைப் புள்ளிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. கை அப்படியே நின்றது. அந்த வழியில் உன் தகரப் பெட்டியை முதுகில் வைத்துக்கொண்டு இலை மென்று நடந்தவன் நான். சமவெளி வாய் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாதா?

பென்சிலில் மெல்லிசாகப் போட்டுவிட்டு இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சினியர் பின்னால் வந்து நின்றார்.

"நீ அந்தப் பக்கத்து ஆள்தானே? இது சரியா இருக்கா?"

"சரிதான், இஞ்சினியர்."

அவ்வளவுதான் பேசினேன். அவர் கையெழுத்துப் போட்டார். நான் மையை ஏற்றினேன்.

ஏன் என்று கேட்பாய். பள்ளி போய்விட்டால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் நான் யாரோடும் பேசுவதில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டியிருக்கிறது. கீழே ரொட்டிக் கடைக்காரி, "உங்களுக்குப் பொண்டாட்டி இருக்கறதாச் சொல்றீங்களே, நெசமாவா?" என்று கேட்கிறாள். பிள்ளைகளைப் பற்றி நினைத்தேன். ஆற்றைப் பற்றி நினைத்தேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நினைத்தேன். நினைத்துவிட்டு, பாலம் கட்டுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஆற்றின் மேல் யாரும் எதுவும் கட்ட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இஞ்சினியரிடம் சொல்லப் போகிறேன். இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் சொல்ல வேண்டும் என்று போகிறேன்.

உன் பதிலைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுது.

நிகானோர்

---

இச்சுகாசா, செப்டம்பர் 3, 1964

திரு. நிகானோர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ஃபவுஸ்தினோ அவர்கள் அதைத் தன் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து நேரில் கொடுத்தார்கள். தங்கள் நலம் குறித்து ஊரார் விசாரித்தார்கள். மாமா வாசலில் நின்று, "மாப்பிள்ளை என்ன எழுதியிருக்காரு? மாத்திட்டாரா?" என்று கேட்டார்கள். தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். உடனே எவுதோசியா வீட்டுக்கு ஓடிப்போய், தங்களுக்கு அனுப்ப ஒரு பாலாடைக்கட்டியும் காய்ந்த மூலிகையும் கொண்டுவந்தாள். தங்கள் கோட்டால் எந்தப் பிள்ளைகள் ஆற்றில் இறங்க வேண்டுமோ அந்தப் பிள்ளைகளின் தாய். இரண்டையும் அனுப்பியிருக்கிறேன். தாங்கள் சாப்பிட வேண்டும்.

இதற்கு மேல் நீங்கள், தாங்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனால் கோபம் தீர்ந்துவிட்டதென்று நினைக்காதே.

நீ செய்ததில் எனக்கு எது அதிகம் வலிக்கிறது தெரியுமா? பிள்ளைகள் விஷயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு நீ அவர்களைப் பெற்றவர்களிடம் பதில் சொல்லிக்கொள். என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் போட்டாய்? பட்டியை உடைத்துவிட்டால் ஆடு வழி தெரியாமல் வீட்டுக்கு வந்துவிடும் என்றா? பள்ளிக்கூடம் மூடியிருந்தால் நான் லீமாவுக்கு வந்திருப்பேன் என்றா நினைத்தாய்? பூமாசிங்கா மலையைத் தாண்டி, பள்ளியே இல்லாத வேறொரு ஊரைத் தேடிப் போயிருப்பேன். அப்போது உன் தாளிலிருந்தும் போயிருப்பேன். பதினோரு வருஷம் என்னோடு வாழ்ந்தவனுக்கு இது தெரியவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது.

தனியாக இருக்கிறேன் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கலாமே! கட்டில் வாங்கினேன், தட்டு வாங்கினேன் என்று சாமான் பட்டியலாக எழுதினாயே தவிர, தொண்டை கட்டுகிறது என்று ஒரு தடவை எழுதினாயா? எனக்கு மட்டும் இங்கே யார் இருக்கிறார்கள்? சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நான் கரும்பலகையோடுதான் பேசுகிறேன்.

இஞ்சினியரிடம் சொல். சொல்லிவிட்டு எழுது. அதுவரை எழுதாதே.

செனோபியா

---

லீமா, செப்டம்பர் 29, 1964

என் செனோபியா,

சொல்லிவிட்டேன்.

பாலாடைக்கட்டி வந்து சேர்ந்த அன்றைக்கே சொன்னேன். மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு துண்டுகூட வெட்டவில்லை. எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போய்விட்டேன். கையில் கட்டி, கைநாட்டுத் தாள், குறிப்பேடு.

"என்னய்யா இது, லஞ்சமா?" என்றார்.

முழுவதையும் சொன்னேன். ரொட்டிக் கடைக்காரியைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன், வாய் நிற்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் கத்தினார். பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது.

"உன்னைக் கேட்டேனா இல்லையா? என் வாயைத் திறந்து கேட்டேனே! சரிதான்னு சொன்னியே!"

"சொன்னேன், இஞ்சினியர்."

"கோடு போடறவன் பொண்டாட்டியை நினைச்சுக்கிட்டுப் போட்டா இந்த நாடு என்னத்துக்குய்யா ஆகும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கத்தி முடித்துவிட்டு உங்கள் தாளை எடுத்துப் பார்த்தார். எண்பத்திரண்டு கயிறு, நூற்றுமுப்பத்தைந்து கயிறு என்று நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். பிறகு வேறு ஒரு மாவட்டத்தின் குறிப்பேட்டை எடுத்தார், அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றிலும் மலைக்காரர்கள் சொன்னது வாய்க் கணக்குதான். எல்லாவற்றையும் ஒரே இரண்டால் பெருக்கியிருக்கிறோம். மெல்ல நாற்காலியில் சாய்ந்தார்.

"நாப்பத்திமூணு தாளு," என்றார். "யார்கிட்டயும் கேக்கலையே நாம. ஏத்தமா, சமமான்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கலையே."

நம் தாளில் கோட்டைச் சவரக்கத்தியால் சுரண்டினேன். மை வழுவழுத் தாளில் ஆழமாக இறங்கியிருந்தது. இப்போது புதிய கோடு உன் கூரைக்கு அந்தப் பக்கம், முப்பத்துமூன்று கயிறு தள்ளி, சரியாக இருக்கிறது. இஞ்சினியர் கையெழுத்தும் ஆகிவிட்டது. மேற்பார்வையாளருக்குத் திருத்தம் அனுப்பப்பட்டுவிட்டது.

என்னை வரைமேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் நான் கோடு போட முடியாது. நிலவறையில் குறிப்பேடுகளோடு உட்காரவைத்திருக்கிறார்கள். நாற்பத்துமூன்று தாளில் இருக்கும் மாவட்டங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, உங்கள் ஊரில் இத்தனை வாயில் ஏற்றம் எத்தனை, சமவெளி எத்தனை என்று கேட்க வேண்டும். பதவியும் ஒரு படி இறங்கிவிட்டது. இது எனக்குக் குறைவான தண்டனைதான் என்று தெரியும்.

வா என்று இனிமேல் எழுத மாட்டேன். எனக்கு அந்த வாய் இல்லை. தனியாக இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன், நீ எழுதச் சொன்னாய் என்பதால். மிகவும் தனியாக இருக்கிறேன். உன் பேச்சைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது, திட்டினாலும் சரி.

நிகானோர்

---

இச்சுகாசா, நவம்பர் 15, 1964

அன்புள்ள நிகானோர்,

பள்ளிக்கூடம் மூடப்படாது. தாள் வந்துவிட்டது. அதே மேற்பார்வையாளர், அதே முத்திரை. முதல் தாளில் எழுதியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, நாங்கள் கனவு கண்டதுபோல.

ஊர்க்கூட்டத்தில் படித்தேன். மேளம் எடுக்க ஓடினார்கள். "மாப்பிள்ளை சாதிச்சுட்டாரு! உடம்பு சரியில்லாமயும் சாதிச்சுட்டாரு!" என்று மாமா தொப்பியைத் தூக்கிப் போட்டார். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். உன்னை வீரனாகவே விட்டிருக்கலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் எவுதோசியா என் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுடைய மூலிகையை நீ குடித்தாயா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், எல்லோர் எதிரிலும்.

மேளக்காரன் குச்சியைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். முதலில் சிரித்தது மாமா. "பொண்டாட்டி பக்கத்துல வேணும்னு ஒரு ஊரையே தூக்கி அந்தப் பக்கம் வச்சிருக்கான் பாரு! நான் என் வயசுல ஒரு கோழியைக்கூட நகர்த்தலையேடா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எவுதோசியா சிரிக்கவில்லை. "சிரிப்பா இருக்கா உங்களுக்கு? போன வருசம் அந்த ஆத்துல போன ஆடுங்களை நான்தான் எண்ணினேன், பதினேழு. ஆட்டுக்கே அந்தக் கதி," என்றாள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அவரு வரட்டும் டீச்சர். என் பிள்ளைங்க முன்னாடி நின்னு அவரே சொல்லட்டும். நீங்க அவருக்காகச் சொல்ல வேணாம்."

ஊர் தீர்மானித்தது இது. கார்னவாலுக்கு நீ வர வேண்டும். சதுக்கத்திலிருந்து எல்லைக் கல் வரைக்கும் ஒரு கல்லை, பிள்ளைகள் காட்டும் கல்லை, முதுகில் சுமந்து வைக்க வேண்டும். நடுவில் யாரும் கை கொடுக்கக் கூடாது. அதற்கு முன்னால் எவுதோசியா வீட்டு வாசலில் நிற்க வேண்டும். ஏழு வயதுக்காரன் இப்போதே கல் தேடிக்கொண்டிருக்கிறான். அவன் தேர்ந்தெடுத்திருப்பதைப் பார்த்தேன். அவனால் அதை அசைக்கவே முடியவில்லை.

இப்போது என் விஷயம். வா என்று எழுத மாட்டேன் என்றாயே. சரி, எழுதாதே. நானாக வருகிறேன்.

என் ஊரில் என் பள்ளிக்கூடம் நிற்கிறது, ஏப்ரலில் திறக்கும், திறப்பது நான்தான். அது போயிருந்தால் உன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடித்திருக்காது. இருப்பதால்தான் எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இது உனக்குப் புரியுமா என்று தெரியவில்லை. புரியவில்லையென்றால் நேரில் விளக்குகிறேன், எனக்குத் தொழிலே அதுதானே. ஒவ்வொரு வருஷமும் விடுமுறையில் நான் அங்கே வருகிறேன், நீ கிழங்குக் காலத்தில் இங்கே வா. மீதி மாதங்கள் கஷ்டம்தான். கஷ்டம் என்று எழுதிக்கொள்வோம், சாமான் பட்டியல் வேண்டாம்.

டிசம்பர் இருபத்திரண்டு, ஃபவுஸ்தினோவின் லாரி. முன்னிருக்கையில் இடம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு லீமா சந்தை வாசலில் நிற்பாராம், நீ அங்கே இரு. என்னை அடையாளம் தெரியாமல் விழிக்காதே. கொஞ்சம் இளைத்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சாவியை ஊராட்சியில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். கழுத்தில் போட்டுக்கொண்டுதான் வருவேன். பெரிய இரும்புச் சாவி, கட்டிப்பிடித்தால் உறுத்தும். பொறுத்துக்கொள்.

உன் செனோபியா